ஹர்த்தால் வென்றிருந்தால்? இறக்கக்கண்டிக் கரையிலிருந்து ஒரு கற்பனை

"இவ்வாறு நடவாமல் அவ்வாறு நடந்திருந்தால்?" என்று எண்ணிப் பார்ப்பது மனித மனத்தின் இயல்பு. கைகேயி வரம் கேளாதிருந்தால் இராமனுக்கு வனவாசம் ஏது என்றும், தருமர் சூதாட மறுத்திருந்தால் குருட்சேத்திரம் ஏது என்றும் நம் பாட்டிமார் திண்ணையிலிருந்து பேசியதெல்லாம் இவ்வகை ஆராய்ச்சியே அன்றோ? வரலாற்றறிஞர் சிலர் இதனை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவர். நடந்ததை அறியவே வாழ்நாள் போதாதபோது நடவாததை ஆராய்வானேன் என்பது அவர்தம் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு வீட்டின் கூரையை எந்தக் கப்பு தாங்குகிறது என்று அறிய விரும்புவோன் ஒவ்வொரு கப்பையும் மனத்தால் அகற்றிப் பார்க்கிறான். எதை அகற்றினால் கூரை சரியுமோ அதுவே பாரம் தாங்கும் கப்பு. வரலாற்றிலும் அத்தகைய கப்புகள் உண்டு. அவற்றை இனங்காண்பதற்குக் கற்பனையும் ஒரு கருவியாகும்.

ஆனால் கற்பனைக்கும் கடிவாளம் வேண்டும். ஆகவே இரண்டு விதிகளை நாம் முதலிலேயே வகுத்துக்கொள்வோம். முதலாவது, நடந்தவற்றுள் ஒன்றை மட்டுமே மாற்றுதல். இரண்டாவது, அந்நாளில் வாழ்ந்தோர் உண்மையில் கொண்டிருந்த கொள்கைகளுக்கும் பெற்றிருந்த வலிமைக்கும் மாறாக எதையும் புகுத்தாதிருத்தல். இவ்விரண்டையும் மீறினால் நாம் எழுதுவது வரலாற்றுச் சிந்தனையாகாது, விக்கிரமாதித்தன் கதையாகிவிடும்.

நாம் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி, 1953-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12-ஆந் தேதி புதன்கிழமை இலங்கையில் நிகழ்ந்த ஹர்த்தால். இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று மக்கள் எழுந்து, அரசாங்கத்தை நிலைகுலையச் செய்த நாள் அது. ஒரே நாளில் அது முடிந்தது. முடியாமல் தொடர்ந்து வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இக்கேள்வியைக் கொழும்பிலிருந்து கேட்பது ஒருவகை; இறக்கக்கண்டியிலிருந்து கேட்பது வேறுவகை. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே கடற்கரைச் சாலை வழியாகச் சென்று, நிலாவெளியைக் கடந்தால், களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது இறக்கக்கண்டி. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் கரை அது. கடலே அங்குள்ளோருக்கு வயல், வலையே ஏர். இக்கரைக்கு எதிரே கடலில் தெரியும் புறாமலையைப் பிரித்தானியர் தம் ஆட்சிக்காலத்தில் சுடுபயிற்சிக்குப் பயன்படுத்தினர் என்பதைப் பலரும் அறிவர். ஆகவே அரிசியின் விலையும் அந்நியரின் பீரங்கியும் இக்கரையோர மக்களுக்கு ஏட்டில் படித்த செய்திகள் அல்ல. ஹர்த்தாலின் கதையிலும் இவ்விரண்டுமே வருகின்றன.

கொத்து அரிசி எழுபது சதம்

முதலில் நடந்ததைக் காண்போம். 1952-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நாட்டின் முதற் பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயக்கா குதிரையிலிருந்து வீழ்ந்து மாண்டார். அவர் மைந்தர் டட்லி சேனநாயக்கா பதவியேற்று, சில வாரங்களிலேயே பொதுத் தேர்தல் நடத்தினார். பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்துக்கே கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மக்கள் வாக்களித்தனர். தேர்தல் நடந்த 95 ஆசனங்களுள் 54 ஆசனங்களை ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது.

அக்காலத்தில் கொரிய யுத்தம் உலகச் சந்தையை ஆட்டிப் படைத்தது. யுத்தம் மூண்டபோது ஏறிய றப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ உயர்ந்தது. வரவு குறையச் செலவு பெருகிற்று. சீனத்தோடு 1952 டிசம்பரில் செய்துகொண்ட றப்பர் - அரிசி ஒப்பந்தம் ஓரளவு கைகொடுத்ததாயினும் திறைசேரியின் கவலை தீரவில்லை. நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா 1953 ஜூலையில் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தில் அரிசி மானியம் வெட்டப்பட்டது. கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. அம்மட்டோ? பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. தபால் கட்டணமும் புகையிரதக் கட்டணமும் கூட்டப்பட்டன.

இதனை ஓர் இல்லத்தரசியின் கணக்கில் பார்த்தால் நன்கு விளங்கும். கூப்பன் புத்தகத்தோடு கடைக்குச் சென்று பத்துக் கொத்து அரிசி வாங்கும் குடும்பத்துக்கு முன்பு இரண்டரை ரூபாய் போதும். இப்போது ஏழு ரூபாய் வேண்டும். சொந்த வயல் உடையோன் ஒருவாறு சமாளிப்பான். கரைவலை இழுத்துப் பங்கு பெறுவோனுக்கோ வீட்டில் நெல்மூட்டை கிடையாது. கடல் கொடுக்கும் நாளில் அரிசி. கடல் கொந்தளிக்கும் நாளில் கடன். அவன் கையில் விழும் பங்கு மும்மடங்காகவில்லை. அரிசியின் விலை மட்டும் ஏறத்தாழ மும்மடங்காயிற்று.

போர்க்கப்பலில் மந்திரி சபை

லங்கா சமசமாஜக் கட்சியும், பிலிப் குணவர்த்தனாவின் புரட்சிச் சமசமாஜக் கட்சியும், கம்யூனிஸ்ட் கட்சியும் ஒருநாள் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தன. எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையிலான தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. பண்டாரநாயக்காவின் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி நோக்கத்தை ஆதரித்ததாயினும் போராட்டத்தில் நேராக இறங்கவில்லை.

ஆகஸ்ட் 12-ஆந் தேதி, அழைத்தவர்களே எதிர்பாராத அளவுக்கு மக்கள் எழுந்தனர். கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் கரையோரத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன; தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன; சாலைகளின் குறுக்கே மரங்கள் வீழ்த்தப்பட்டன. மகரகமை, பொரலஸ்கமுவை, கரந்தெனியா முதலிய ஊர்களில் போலீசாருக்கும் மக்களுக்கும் மோதல் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேரளவில் உயிரிழந்தனர். அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. மந்திரிகள் கரையிலிருந்து ஆலோசிக்கவும் அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடினர்.

சுதந்திரம் பெற்று ஐந்தரை ஆண்டுகள் கழிந்தபின், ஒரு நாட்டின் மந்திரி சபை தன் மக்களுக்கு அஞ்சிப் பழைய எசமானரின் கப்பலில் அடைக்கலம் புகுந்தது என்பது எத்துணை பொருள் பொதிந்த காட்சி! அப்பொழுது திருகோணமலை, பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவுக்குத் தலைமைத் தளமாக இருந்தது. 1947 நவம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கை அதற்கு வழிசெய்திருந்தது.

தலைவர்கள் முன்னரே அறிவித்தவாறு ஒரு நாளோடு ஹர்த்தாலை முடித்துக்கொண்டனர். சில ஊர்களில் மக்கள் மறுநாளும் அடங்கவில்லை. ஆயினும் வழிநடத்துவோர் இன்றி அவ்வேகம் தணிந்தது. டட்லி சேனநாயக்கா மனமும் உடலும் தளர்ந்து அக்டோபரில் பதவி விலகினார். அதே கட்சியைச் சேர்ந்த சேர் ஜோன் கொத்தலாவலை பிரதம மந்திரியானார். அரிசி விலை ஓரளவு குறைக்கப்பட்டது. ஆள் மாறினார், ஆட்சி மாறவில்லை.

நாம் மாற்றும் ஒரே நிகழ்ச்சி

இப்போது நம் கற்பனையைத் தொடங்குவோம். மாற்றுவது ஒன்றே ஒன்று. ஆகஸ்ட் 12 மாலையில், "நாளை வேலைக்குத் திரும்புங்கள்" என்பதற்குப் பதிலாக, "அரசாங்கம் விலகும் வரை தொடருங்கள்" என்று தலைவர்கள் கூறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொழும்புத் துறைமுகத் தொழிலாளரும் புகையிரதத் தொழிலாளரும் மேலும் சில நாள் வேலைக்குச் செல்லவில்லை. அக்டோபரில் விலகிய டட்லி, ஆகஸ்டிலேயே மந்திரி சபையோடு விலகுகிறார். மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபு பாராளுமன்றத்தைக் கலைத்துப் புதிய தேர்தலுக்கு ஆணையிடுகிறார்.

அத்தேர்தலில் இடதுசாரிகள் வென்றிருப்பரா? தனித்து வென்றிருக்க மாட்டார்கள். 1952-இல் சமசமாஜிகளுக்குக் கிடைத்தவை 9 ஆசனங்கள். கம்யூனிஸ்ட் கட்சியும் பிலிப்பின் கட்சியும் சேர்ந்து பெற்றவை 4. ஆனால் ஐக்கிய தேசியக் கட்சியின் பலம் எவ்வளவு உறுதியற்றது என்பதை 1956-ஆம் ஆண்டுத் தேர்தல் காட்டிற்று. 54 ஆசனங்கள் பெற்ற கட்சி நான்கே ஆண்டுகளில் 8 ஆசனங்களுக்கு வீழ்ந்தது. ஆகவே 1953-ஆம் ஆண்டின் இறுதியில் இடதுசாரிகளும் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சியும் ஓர் உடன்பாட்டோடு நின்றிருந்தால், அவர்களிடம் ஆட்சி சென்றிருக்கும் என்று எண்ணுவது மிகையன்று. இத்தகைய உடன்பாடு அன்று இயல்வதாயிருந்ததா? இயல்வதாயிருந்தது. அதற்குரிய காரணத்தை அடுத்துக் காண்போம். நம் கட்டுரையின் உயிர்நாடியும் அதுவே.

இருபத்தெட்டு மாதம்

1953 ஆகஸ்டில் இலங்கையின் பெருங்கட்சிகளுள் ஒன்றேனும் "சிங்களம் மட்டும்" என்று கூறவில்லை! இன்றைய மாணவர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். 1944-இல் அரசாங்க சபையில், சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டும் என்று ஜே. ஆர். ஜயவர்த்தனா கொணர்ந்த பிரேரணையில், தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தவர் திருகோணமலை - மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா. அத்திருத்தத்தோடு பிரேரணை நிறைவேறிற்று. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 1951-இல் தோன்றியபோது இரு மொழிகளையுமே ஏற்றிருந்தது. இடதுசாரிகள் சம அந்தஸ்தில் உறுதியாக நின்றனர். 1954-இல் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற கொத்தலாவலைகூட இரு மொழிகளுக்கும் சம உரிமை என்றே பேசினார்.

பண்டாரநாயக்காவின் கட்சி தடம் மாறியது 1955 டிசம்பரில். ஐக்கிய தேசியக் கட்சி மாறியது 1956 பெப்ரவரியில். ஆகவே ஹர்த்தாலுக்கும் முதல் தடமாற்றத்துக்கும் இடையே 28 மாதங்கள் இருந்தன. அக்காலத்துள், சோற்றுக்காகச் சேர்ந்து போராடிய மக்களின் பேரால் அமைந்த ஓர் அரசாங்கம், இரு மொழிகளுக்கும் சம உரிமை அளிக்கும் சட்டத்தை இயற்றியிருக்க முடியும். கதவு சாத்தப்படவில்லை, நுழைவோர்தாம் இல்லை.

அச்சட்டம் இருந்திருந்தால் இறக்கக்கண்டியில் ஒரு குடும்பத்துக்கு என்ன நேர்ந்திருக்கும்? கச்சேரியிலிருந்து வரும் கடிதத்தை வாசிக்க ஆள் தேட வேண்டியதில்லை. வள்ளம் களவு போயிற்று என்று முறையிடச் செல்லும் மீனவன், தான் கூறாத ஒன்றைத் தனக்குத் தெரியாத மொழியில் எழுதியிருப்பார்களோ என்று அஞ்சிக் கைநாட்டு வைக்க வேண்டியதில்லை. தமிழில் பயின்ற அவன் மகள் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கையில் மொழிப் பரீட்சை குறுக்கே நிற்காது. தமிழையும் அரசகரும மொழியாக ஏற்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1987-இல் வந்தது. அதற்குள் 1956, 1958, 1977, 1983 என்ற ஆண்டுகள் நெருப்போடு கடந்து சென்றன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் உயிர்ப்பலிகள் கொடுத்துப் பெற்றதை, ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாமல் 1954-இல் பெற்றிருக்கலாம் என்பதே இக்கற்பனை நமக்குக் கூறும் முதற் செய்தி.

இரண்டாவது செய்தி மலையகம் பற்றியது. 1948, 1949-ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களால் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர் நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கப்பட்டனர். அச்சட்டங்களைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்களுள் இடதுசாரிகள் முக்கியமானோர். அவர்கள் ஆட்சியில் அமர்ந்திருந்தால் அச்சட்டங்களைத் திருத்துவது அவர்கள் கொள்கைக்கும் ஏற்றது. அவர்களது வாக்குப் பலத்துக்கும் ஏற்றது. அப்படியாயின், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இடமே இருந்திராது.

துறைமுகத்தின் பங்கு

இனித் திருகோணமலைக்கு வருவோம். இடதுசாரிகள் பிரித்தானியத் தளங்களை அகற்றக் கோரி வந்தவர்கள். உண்மையில் திருகோணமலைத் தளம் 1957 அக்டோபரில் பண்டாரநாயக்கா ஆட்சியில் கைமாறிற்று. நம் கற்பனையில் இது 1954-லேயே நிகழ்கிறது என்று கொள்வோம். புறாமலையின் புறாக்கள் சற்று முன்னதாகவே நிம்மதியடைந்திருக்கும்! ஆனால் ஒரு பெரிய தளம் மூடப்படுவது திருவிழா மட்டுமன்று. டொக்யார்ட்டை நம்பிப் பெருந்தொகையான தொழிலாளர் வாழ்ந்தனர். அவர்களை நம்பிக் கடைக்காரர், வண்டிக்காரர், மீன் விற்போர் வாழ்ந்தனர். பட்டினத்தில் சம்பளம் நின்றால், சுற்றுப்புறக் கரையோரங்களில் மீன் விலை விழும். மாற்றுத் தொழிலுக்கு ஏற்பாடு செய்யாமல் கொடியை மட்டும் மாற்றும் எந்தப் புரட்சியும் ஏழையின் அடுப்பை எரிய வைக்காது.

இதனினும் பெரிய கேள்வி வேறொன்று உண்டு. பிரித்தானியர் தளத்தை விட்டு அமைதியாகப் போயிருப்பரா? அவ்வாண்டின் உலக நிகழ்ச்சிகளை நோக்குவோம். 1953 ஜூன் 17-இல் கிழக்கு பெர்லினில் எழுந்த தொழிலாளரைச் சோவியத் டாங்கிகள் அடக்கின. ஹர்த்தால் நடந்து சரியாக ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 19-இல், எண்ணெய்யைத் தேசியமயமாக்கிய ஈரானியப் பிரதமர் முசாதிக், பிரித்தானிய - அமெரிக்கச் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டார். ஏப்ரலில் தேர்தலில் வென்ற செட்டி ஜகனின் பிரித்தானிய கயானா அரசாங்கத்தை அக்டோபரில் பிரித்தானியா படை அனுப்பிக் கலைத்தது. அடுத்த ஆண்டு குவாத்தமாலாவும் அவ்வழியே சென்றது. நம் அயலில், 1957-இல் வாக்குச் சீட்டால் ஆட்சிக்கு வந்த கேரளக் கம்யூனிஸ்ட் மந்திரி சபை 1959 ஜூலை 31-இல் கலைக்கப்பட்டது.

கயானாவுக்குப் படைக்கப்பல் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இலங்கைக்கோ அதுவும் தேவையில்லை. கப்பல்கள் திருகோணமலையிலேயே நின்றன. இலங்கை, கயானாவைப் போலக் குடியேற்ற நாடன்று, சுதந்திர நாடு. ஆகவே பகிரங்கமாகத் தலையிடுவது எளிதாயிராது என்பது மெய்யே. ஆயினும் ஹர்த்தால் வென்றிருந்தால், அதன் தலைவிதியை எழுதும் இடம் கொழும்பின் காலிமுகத் திடலாக இருந்திராது. இறக்கக்கண்டிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் இயற்கைத் துறைமுகமாகவே இருந்திருக்கும்.

மறுதரப்பு வாதம்

நாம் இதுவரை கூறியவற்றை ஐயுறுவோர் மூன்று தடைகளை எழுப்பலாம். அவற்றையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும்.

முதலாவது தடை: ஹர்த்தால் நாடு முழுவதும் ஒரே வேகத்தில் நடைபெறவில்லை. மேற்கு, தெற்குக் கரையோரங்களே கொதித்தன. தோட்டத் தொழிலாளர் பெருமளவில் இறங்கவில்லை. இது உண்மை. நாட்டின் செல்வத்தை விளைவிக்கும் தேயிலைத் தோட்டங்கள் இயங்கும்வரை எந்த வேலைநிறுத்தமும் முழுமையடையாது. வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களை யாரும் பொருட்படுத்தாததன் விலையை இடதுசாரிகளும் அன்று கொடுத்தனர்.

இரண்டாவது தடை: சிங்களம் மட்டும் என்ற இயக்கம் சில தலைவர்களின் சூழ்ச்சி மட்டுமன்று. ஆங்கிலம் கற்றோரே பதவிகளை அனுபவிக்க, கிராமத்துச் சிங்கள ஆசிரியரும் வைத்தியரும் பிக்குமாரும் புறக்கணிக்கப்பட்டதாக உணர்ந்தனர். 1956-இல் புத்த ஜயந்தி வந்தது. இவ்வேகத்தை எந்த அரசாங்கமும் சந்தித்தே தீர வேண்டியிருந்தது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பசித்த வயிற்றோடு சேரும் மொழி வெறி வேறு; அரிசியும் வேலையும் ஓரளவு கிட்டியபின் எழும் மொழிப் பற்று வேறு. முன்னதைத் தேர்தல் ஆயுதமாக்குவது எளிது. பின்னதோடு பேசித் தீர்க்க இடமுண்டு.

மூன்றாவது தடையே வலிமை மிக்கது. அந்த இடதுசாரித் தலைவர்கள் பின்னாளில் தாமே மாறினர் அல்லவா? ஒரு மொழியை மட்டும் திணித்தால் ஒரு நாடு இரண்டாகும் என்று 1956-இல் பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1964-இல் அவர் கட்சி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்தது. 1966 ஜனவரியில், தமிழுக்குச் சிறிது இடமளிக்கும் விதிகளை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில் இடதுசாரிகளும் நின்றனர். சிங்களத்தையே அரசகரும மொழியாக நிலைநாட்டிய 1972-ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பு அதே கொல்வினின் கையில் இருந்தது. இத்தகையோர் 1954-இல் மட்டும் உறுதியாக நின்றிருப்பர் என்று நம்புவது எங்ஙனம்?

இதற்கு நம் விடை இது. அவர்கள் வளைந்தது, தோல்விமேல் தோல்வி கண்டு, மக்கள் ஆதரவு வேறிடம் சென்ற பிறகே. ஹர்த்தால் நாளில் நாட்டின் சீற்றம் அவர்கள் கையில் இருந்தது. உச்சத்தில் நிற்கும் தலைவன் செய்யத் துணிவதை, வீழ்ந்த தலைவன் நினைக்கவும் அஞ்சுவான். இதனால் அவர்கள் பிழையற்றவர் ஆகிவிடவில்லை. காற்று தம் பக்கம் வீசியபோது பாயை விரிக்காதவர்கள், பின்னர் எதிர்க்காற்றில் திசை மாறினர் என்பதே அவர்தம் துயரம். நம் துயரமும் அதுவே.

இவற்றோடு, கற்பனையாலும் தீராத ஒரு பிரச்சினையைக் குறிப்பிட வேண்டும். அதுவே காணிப் பிரச்சினை. கல்லோயாவிலும் கந்தளாயிலும் அரசாங்கக் குடியேற்றம் அக்காலத்திலேயே நடைபெற்றது. ஹர்த்தாலின் கோஷங்களில் அதற்கு இடமில்லை. தமிழரசுக் கட்சி 1951 ஏப்ரலில் தன் முதல் மாநாட்டைத் திருகோணமலையில் கூட்டியதும் காரணமின்றி அன்று. அரிசியால் ஒன்றுபட்டோர் காணியால் வேறுபட்டிருக்கக் கூடும். வென்ற புரட்சிக்கும் இவ்வினா காத்திருந்திருக்கும்.

சீற்றத்தை அறுவடை செய்தோர்

உண்மையில் நடந்தது என்ன? 1953-இல் எழுந்த மக்களின் சீற்றம் மறைந்துவிடவில்லை. வழிகாட்டுவோர் இன்மையால் அது வேறு வாய்க்கால் தேடிற்று. மூன்று ஆண்டுகளில் பண்டாரநாயக்கா அதனைத் தம் பக்கம் திருப்பினார். அரிசிக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்த அதே கரையோரக் கிராமங்கள், 1956-இல் மொழிக்காக வாக்களித்தன. அவ்வாண்டு ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டிலேயே பருத்தித்துறைத் தமிழ் மக்கள் கம்யூனிஸ்டான பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். தமிழர் இடதுசாரிக் கொள்கைக்கு முகந்திருப்பியவர் அல்லர் என்பதற்கு இஃது ஒன்றே சான்று. நீட்டிய கையைப் பற்றுவோர்தாம் குறைந்தனர்.

பின்வந்த கதையை இறக்கக்கண்டி மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போர்க்காலத்தில் இக்கரையோரக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26-இல் கடலும் தன் பங்குக்கு வந்தது. இன்று களப்பின்மேல் பாலம் நிற்கிறது. அதன்மேல் உல்லாசப் பிரயாணிகள் செல்கின்றனர். 2003-இல் தேசிய வனமாக்கப்பட்ட புறாமலையைக் காணப் படகேறுகின்றனர்.

இக்கற்பனை வெறும் பழங்கதைக்காக மட்டுமன்று. 2022-ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் மீண்டும் எழுந்தனர். எரிபொருளும் எரிவாயுவும் மருந்தும் இன்றித் தவித்தோர் காலிமுகத் திடலில் கூடினர். மே மாதத்தில் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச அடைக்கலம் புகுந்த இடம் எது? திருகோணமலைக் கடற்படைத் தளம்! 1953-இல் மந்திரிகள் கப்பலில் ஏறினர். 2022-இல் பிரதமர் கப்பல்துறைக்கு வந்தார். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே வெளியேறினார். 2024-இல் இடதுசாரி மரபில் வந்த ஒரு கூட்டணி, வாக்குச் சீட்டின் வழியே ஆட்சியைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் திருகோணமலை மாவட்டத்திலும் அதுவே முன்னின்றது. 1953-இல் கற்பனையாக நின்ற ஒன்று, எழுபத்தொரு ஆண்டுகளுக்குப் பின் வேறோர் உருவில் மெய்யாயிற்று. அது எவ்வாறு முடியும் என்று சோதிடம் கூறுவது நம் வேலையன்று. எந்த அளவுகோலால் அதனை அளக்க வேண்டும் என்பதை மட்டும் 1953 நமக்குக் கற்பிக்கிறது.

மக்கள் எழுச்சி என்பது மாரிவெள்ளம் போன்றது. அது வரும் நாளை எவரும் குறித்துவைக்க முடியாது. வந்தபோது அதனைத் தேக்கி எல்லா வயலுக்கும் பாய்ச்சக் குளமும் வாய்க்காலும் முன்னரே வெட்டியிருக்க வேண்டும். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே விலையில் அரிசி வாங்கினர். ஒரே விலையேற்றத்தால் துன்புற்றனர். ஒரே அழைப்பின் கீழ் நின்றனர். அந்த ஒரு நாளின் ஒற்றுமையைச் சட்டமாக்கும் துணிவு எவருக்கும் வரவில்லை. ஆகவே, நாம் மனத்தால் அகற்றிப் பார்த்த கப்பு எது என்று இப்பொழுது தெளிவாகிறது. அரசாங்கம் விழுந்ததா நின்றதா என்பதன்று. சோற்றுக்காகச் சேர்ந்தோர் உரிமைக்காகவும் சேர்ந்து நின்றனரா என்பதே பாரம் தாங்கிய கப்பு.

மாணவர்களே, அடுத்த முறை ஒரு போராட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதோ, உங்கள் கண்முன்னே ஒன்றைக் காணும்போதோ, "யாரை வீழ்த்தினார்கள்?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். "மறுநாட் காலையில் யாருக்கு என்ன கிடைத்தது? யாருடைய மொழியில் கிடைத்தது? யார் விடுபட்டனர்?" என்றும் கேளுங்கள். இறக்கக்கண்டியில் வலை இழுக்கும் குடும்பத்துக்கும், மகரகமையில் மரக்கறி விற்கும் குடும்பத்துக்கும், நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கும் ஒருங்கே விடை கிடைத்தால், அந்தப் போராட்டம் வென்றது என்று துணிந்து எழுதுங்கள்.